மங்கா முகம்: நேராகப் பார்த்தால் வருகிறது, திருப்பினால் கலைகிறது (தில்லி நண்பர்கள் உதவவும்)

மயூர்விஹார்_பென்சில்
சனி, இரவு 10:40

எல்லோருக்கும் வணக்கம். வயது இருபத்தேழு, ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை. பள்ளியில் ஓவிய வகுப்போடு சரி. அதற்கப்புறம் பென்சில் பிடித்ததெல்லாம் கணக்குக்காகத்தான். இப்போது மங்கா (ஜப்பானியச் சித்திரக்கதை) பாணியில் பாத்திரங்கள் வரையக் கற்றுக்கொள்ள ஆசை வந்திருக்கிறது. வீடியோக்கள் பார்த்து, நேராகப் பார்க்கும் முகம் ஓரளவு பிடிபட்டுவிட்டது. அதைத் தாண்டி நகர முடியவில்லை.

முகத்தைக் கொஞ்சம் திருப்பினாலும் அந்தப் பக்கத்துக் கண் மூக்கின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது, இல்லாவிட்டால் கன்னத்தை விட்டு வெளியே போய்விடுகிறது. இடது கண் நன்றாக வந்தால் வலது கண் வேறு யாருடையதோ. முடி தலையோடு ஒட்டமாட்டேன் என்கிறது. கழுத்துக்குக் கீழே போகவே தயக்கம். கைகளை எல்லாம் பாக்கெட்டுக்குள் போட்டுவிடுகிறேன்.

மங்காவையே பார்த்துப் பார்த்து வரைந்து பழகலாமா? அல்லது நிஜ மனித உடலை முதலில் கற்றுக்கொண்டு அப்புறம் இதற்கு வரவேண்டுமா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். பொருள்கள் தில்லியில் எங்கே வாங்கலாம் என்றும் சொல்லுங்கள். டேப்லெட் இல்லை, இப்போதைக்குக் காகிதம்தான்.

ஆர்கேபுரம்_ஓவியர்
சனி, இரவு 11:15

தம்பி, மங்காவை ஒரு வருஷத்துக்கு மூடி வையுங்கள்.

கோபமாகச் சொல்லவில்லை. விளம்பரப் பலகை, பத்திரிகைப் படம் என்று இதிலேயே சாப்பிட்டவன் நான். மங்காவைப் பார்த்து வரைகிறவர்கள் இன்னொருவர் எடுத்த முடிவைப் பிரதி எடுக்கிறார்கள். அந்த மூக்கை ஏன் ஒரு சின்னக் கோடாக விட்டார் என்று அவருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. அதனால்தான் திருப்பியதும் கலைகிறது.

கோபுலுவின் படத்தை எடுத்துப் பாருங்கள். கோடு கொஞ்சம்தான். ஆனால் அந்த மாமா நாற்காலியில் சாய்ந்தால் அவர் எடை மொத்தமும் நாற்காலிக்குப் போயிருக்கும். சில்பி கோயில் கோயிலாகப் போய்ச் சிலைகளின் முன் உட்கார்ந்து வரைந்தார். பார்த்து வரைந்தவர்களுக்குத்தான் சுருக்கி வரையும் உரிமை வரும். மெட்ரோவில் எதிர் இருக்கையில் இருப்பவரை வரையுங்கள். ஜப்பான் எங்கேயும் போய்விடாது.

முனிர்கா_மை
ஞாயிறு, காலை 9:05

ஐயா மேல் மரியாதை உண்டு, ஆனாலும் இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆசைப்பட்ட விஷயத்தை ஒரு வருஷம் தள்ளிப்போடச் சொன்னால் பாதிப் பேர் திரும்பி வரமாட்டார்கள். ஆபீஸ் முடிந்து களைத்து வருகிறவருக்கு, தனக்குப் பிடித்த முகத்தை வரையும் சந்தோஷம்தான் மறுநாளும் பென்சிலை எடுக்க வைக்கும். இரண்டையும் ஒரே நாளில் செய்யலாம். முதல் கால் மணி நேரம் நிஜ உருவம், மீதி நேரம் மங்கா. இதை நான் சமரசமாகச் சொல்லவில்லை. அந்த இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போதுதான் எது எப்படிச் சுருங்கியது என்று கண்ணுக்குப் படும்.

பெரிய கண்ணும் சின்ன மூக்கும் சும்மா வந்துவிடவில்லை. பெரிய மங்கா ஓவியரான ஒஸாமு தெஸுகா (1928–1989) டிஸ்னி, ஃப்ளைஷர் கார்ட்டூன்களை ரசித்து வளர்ந்தவர். அவருக்கு முன்பே ஜூனிச்சி நகஹாரா சிறுமியர் பத்திரிகைகளில் பெரிய கண் கொண்ட பெண்களை வரைந்துகொண்டிருந்தார். தெஸுகா மருத்துவம் படித்துப் பட்டமும் வாங்கியவர். இது என் கட்சிக்குத்தான் சாதகம் என்று ஐயா சொல்வார். சொல்லட்டும்.

இப்போது பென்சிலின் பிரச்சினைக்கு வருகிறேன். கொஞ்சம் நீளும்.

நீங்கள் முகத்தைத் தட்டையாக யோசிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். வட்டம், கீழே முக்கோணம் மாதிரி ஒரு தாடை, நடுவில் சிலுவைக் கோடு. நேர்முகத்துக்கு இது போதும். திருப்பும்போது அந்தச் சிலுவையை அப்படியே ஒரு பக்கமாக நகர்த்துகிறீர்கள். அங்கேதான் கலைகிறது.

வட்டத்தை உருண்டை என்று நினையுங்கள். அதன் இரண்டு பக்கங்களையும் கத்தியால் மெல்லியதாகச் சீவிவிட்டதாக வையுங்கள். காதுகள் இருக்கும் பக்கம் நிஜ மண்டையும் ஓரளவு தட்டைதான். ஆண்ட்ரூ லூமிஸ் என்ற அமெரிக்க ஓவியர் பிரபலமாக்கிய முறை இது. மங்கா வரைகிறவர்களும் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். முக்கால் பக்கமாகத் திரும்பிய தலையில் சீவிய தட்டை ஒன்று முழுசாகத் தெரியும், நீள்வட்டமாக. இன்னொன்று மறைந்துவிடும். நடுக்கோடு உருண்டையின் மேல் ஓடுவதால் வளைந்துதான் வரும். புருவக் கோடும் அப்படியே வளைந்து சுற்றிக்கொண்டு போகும். காது அந்த நீள்வட்டத்தின் பின்பாதியில், புருவ மட்டத்துக்கும் மூக்கு அடிக்கும் நடுவே உட்காரும்.

தூரத்துக் கண் இனி எங்கே என்று யோசிக்க வேண்டியதில்லை. நடுக்கோட்டுக்கும் முகத்தின் விளிம்புக்கும் இடையே மிச்சமிருக்கும் குறுகிய இடம்தான் அதற்கு. உயரம் கிட்டத்தட்ட அதே, அகலம் மட்டும் குறைவு. கருவிழியும் வட்டமாக இல்லாமல் நிமிர்ந்த நீள்வட்டமாக மாறும். விளிம்பு நேர்கோடு கிடையாது. புருவ எலும்பில் வெளியே வந்து, கண் பக்கம் உள்ளே போய், கன்னத்தில் மறுபடி வெளியே வந்து, தாடைக்கு இறங்கும். அந்த உள்வளைவை விட்டுவிட்டால்தான் கண் கன்னத்துக்கு வெளியே தொங்கும்.

நிஜத் தலையில் கண்கள் உச்சிக்கும் தாடைக்கும் சரியாக நடுவில் இருக்கும். புதிதாக வரைகிறவர்கள் எல்லோரும் மேலே வைப்பார்கள், ஏனென்றால் மண்டையைப் பாதி மறந்துவிடுவார்கள். மங்காவில் குழந்தை முகத்துக்குக் கண் பாதிக்கும் கீழே இறங்கும், பெரிதாகும், தாடை குறுகும். வயதான பாத்திரத்துக்குக் கண் பாதிக்கு ஏறும், சின்னதாகும், மூக்கு நீளும். இந்த ஒன்றை மாற்றி மாற்றி விளையாடினாலே ஒரே முகத்தில் பேரன், அப்பா, தாத்தா மூவரையும் எடுத்துவிடலாம்.

இரண்டு கண்ணும் ஒத்துப்போக, ஒரு கண்ணை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். இரண்டுக்கும் மேல் இமை, அப்புறம் இரண்டுக்கும் கீழ் இமை, அப்புறம் கருவிழிகள் என்று சேர்ந்தே வளருங்கள். முடிந்ததும் தாளைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பின்பக்கமாகப் பாருங்கள். சாய்வு இருந்தால் உடனே காட்டிக்கொடுக்கும்.

முடிக்கு: மண்டை முழுவதையும் முதலில் வரையுங்கள், வழுக்கையாக. முடி அதற்கு வெளியே கொஞ்சம் தடிமனோடு நிற்கும். வகிடு அல்லது சுழி எங்கே என்று ஒரு புள்ளி வையுங்கள். எல்லாக் கற்றையும் அங்கிருந்து புறப்படட்டும். பெரிய கற்றைகள் முதலில், உதிரிகள் கடைசியில். ஒவ்வொரு மயிரிழையாகக் கோடு போடும் ஆசையை அடக்கிவிடுங்கள்.

சும்மா_படிப்பவள்
ஞாயிறு, காலை 9:50

மங்காவில் இத்தனை கதாநாயகர்கள் ஏன் கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டே சுற்றுகிறார்கள் என்று இப்போதுதான் புரிகிறது.

மயூர்விஹார்_பென்சில்
ஞாயிறு, மதியம் 2:20

முனிர்கா அக்கா, ஜன்னல் சோதனை பயங்கரம்! நான் நேர்முகம் "நன்றாக வருகிறது" என்று நம்பிக்கொண்டிருந்ததும் சாய்ந்துதான் இருக்கிறது. வலது தாடை எப்போதும் கீழே இறங்குகிறது. உருண்டையைச் சீவும் முறையில் முக்கால் முகம் ஒன்று வந்தது. அழகாக இல்லை, ஆனால் முதல்முறையாகத் திரும்பின முகமாக இருக்கிறது.

ஓவியர் ஐயா, மெட்ரோ யோசனை பிடித்திருக்கிறது, ஆனால் எதிரே இருப்பவர் பார்த்துவிட்டால்?

கரோல்பாக்_அக்கா
ஞாயிறு, மாலை 5:30

அதை நான் சொல்கிறேன். முன்பின் தெரியாத ஒருவர் நிமிர்ந்து நிமிர்ந்து என்னைப் பார்த்துத் தாளில் எதையோ குறித்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். ஓவியம் என்று அப்புறம் தெரிந்தாலும் அந்த ஐந்து நிமிஷம் ஐந்து நிமிஷம்தான். பெண்களை முறைத்துப் பார்த்து வரைய வேண்டாம். தூங்குகிறவர்களின் முகத்தையும் விட்டுவிடுங்கள். தோள், பை, கம்பியைப் பிடித்திருக்கும் கை, ஷூ என்று துண்டு துண்டாகப் பாருங்கள். லோதி தோட்டத்தில் நடப்பவர்களைத் தூரத்திலிருந்து வரையலாம். அவர்கள் நகர்ந்துகொண்டே இருப்பதால் நீங்களும் வேகமாக வரைவீர்கள்.

கோடு நடுங்குகிறது என்று யாரும் இன்னும் சொல்லவில்லை, ஆனால் எல்லோருக்கும் நடுங்கும். கோலம் போடும்போது புள்ளிக்குப் புள்ளி நின்று யோசித்தால் வளைவு உடைந்துவிடும், மணிக்கட்டை விட்டு முழங்கையிலிருந்து ஒரே இழுப்பில் போகவேண்டும். தாளில் தாடைக் கோடும் அதுதான். காற்றில் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு ஒரே இழுப்பு.

ஆர்கேபுரம்_ஓவியர்
ஞாயிறு, இரவு 8:10

கரோல்பாக் அம்மா சொல்வது நியாயம். அப்படியானால் முறைத்துப் பார்த்தாலும் கோபித்துக்கொள்ளாத ஆட்களிடம் போகலாம். ஜன்பத்தில் நேஷனல் மியூசியம். சோழர் செப்புத் திருமேனிகள் இருக்கின்றன, நடராஜர் உட்பட. திங்கள் விடுமுறை. பென்சிலும் சின்ன நோட்டும் போதும்.

அங்கே என்ன பார்க்க வேண்டும் என்றும் சொல்கிறேன். அம்மன் சிலைகளில் எடை ஒரு காலில் இருக்கும். அதனால் அந்தப் பக்க இடுப்பு மேலே ஏறும், தோள் எதிர்ப்பக்கம் சாயும், தலை மறுபடி இந்தப் பக்கம் வரும். மூன்று வளைவு. முதலில் நெற்றியிலிருந்து எடை தாங்கும் குதிகால் வரை ஒரே ஒரு வளைகோடு போடுங்கள். அப்புறம் தோளுக்கு ஒரு சாய்கோடு, இடுப்புக்கு அதற்கு எதிர்ச் சாய்கோடு. அவ்வளவுதான், அடுத்த சிலைக்குப் போங்கள். ஒரு சிலைக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். நகையை வரைய ஆரம்பித்தால் பாடம் போய்விடும்.

அளவும் அங்கேயே இருக்கிறது. நம் சிற்ப சாஸ்திரத்தில் தாலம் என்று முக நீளத்தை அலகாக வைத்துத்தான் உடலை அளப்பார்கள். பெரிய தெய்வங்களுக்கு தசதாலம் (பத்துத் தாலம்), விநாயகருக்கு பஞ்சதாலம் (ஐந்து), பூதகணங்களுக்கு அதற்கும் கீழே. மங்காக்காரர்கள் தலை உயரத்தை வைத்துச் செய்வதும் இதே வேலைதான். நிஜ மனிதர் ஏழு அல்லது ஏழரை தலை. கதாநாயகன் ஏழு, எட்டுத் தலைவரை போவான். அந்த இரண்டு, மூன்று தலை உயரக் குட்டி உருவங்களைப் பிள்ளைகள் சிபி என்கிறார்கள். உயரம் மாறினாலும் சில இடங்கள் நினைவிருக்கட்டும்: நிற்கும் உடலின் நடு தொடைகள் பிரியும் இடத்தில். தொங்கும் கையின் முழங்கை இடுப்பு மட்டத்தில், மணிக்கட்டு தொடை பிரியும் மட்டத்தில். பாதத்தின் நீளமும் முன்கையின் நீளமும் கிட்டத்தட்ட ஒன்று. கழுத்து தாடைக்கு நேர் கீழே முளைப்பதில்லை. பின்னால் மண்டை அடியிலிருந்து முன்பக்கமாகச் சாய்ந்து வரும்.

இன்னொன்று, தில்லிக்கே உரியது. ஜனவரியில் இங்கே யாருக்கும் உடம்பு கிடையாது, ஜாக்கெட்டும் சால்வையும் மட்டும்தான். அப்போது துணி மடிப்பைப் படியுங்கள். உடம்பைப் படிக்க ஏப்ரல் வரட்டும்.

முனிர்கா_மை
ஞாயிறு, இரவு 8:40

ஐயா, "மூடி வை" என்று ஆரம்பித்தவர் சிபி வரை வந்துவிட்டீர்கள் :)

தில்லி6_ரீம்
திங்கள், மதியம் 1:15

பொருள் விஷயம் என்னுடையது. சாவ்டி பஜார் மெட்ரோவில் இறங்கி நயி சடக்குக்கு நடந்தால் ஸ்டேஷனரிக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலும் ஷட்டர்தான் பார்ப்பீர்கள்.

முதலில் வாங்க வேண்டியது 75 ஜிஎஸ்எம் ஏ4 காப்பியர் தாள், ஒரு ரீம். ஐநூறு தாள் கையில் இருந்தால் ஒரு தாள் கெட்டுப்போனதற்கு மனசு வலிக்காது. அழகான ஸ்கெட்ச் புக் வாங்கி அதன் முதல் பக்கத்தைக் கெடுக்கப் பயந்து சும்மா வைத்திருப்பவர்கள் எனக்கு நிறையத் தெரியும். அப்சரா 2பி இரண்டு, எச்பி ஒன்று. அடியில் மெல்லிய வரைவுக்கு ஒரு நீலக் கலர் பென்சில் இருந்தால் நல்லது. மேலே கறுப்பில் இறுதிக் கோடு போட்டு ஸ்கேன் செய்தபின் நீலத்தைச் சுலபமாக நீக்கிவிடலாம்.

மைக்கு: பிக்மென்ட் ஃபைன்லைனர், அதாவது மெல்லிய முனைப் பேனா. அந்த வகையில் வரும் மைக்ரான் பேனாவின் எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். 01 என்றால் 0.1 மில்லிமீட்டர் என்று அர்த்தமில்லை, 0.25. 005 என்பது 0.20. 05 என்பது 0.45. 01, 05 இரண்டு போதும். ஜப்பானில் பயன்படுத்தும் ஜி-பென் என்பது மையில் தொட்டு எழுதும் நிப். அழுத்தினால் கோடு தடிக்கும். அது காப்பியர் தாளில் நார் நாராகப் பிடித்துக்கொள்ளும், மை பரவும். வழவழப்பான கெட்டித் தாள் வேண்டும். அதை ஆறு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். மார்க்கர் செட் விற்க வருவார்கள், கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

பழைய உடற்கூறுப் புத்தகங்கள், ஓவியப் புத்தகங்களுக்கு ஞாயிறன்று டெல்லி கேட் பக்கம் மகிளா ஹாட். தரியாகஞ்ச் நடைபாதையில் இருந்த பழைய புத்தகச் சந்தை 2019-ல் அங்கே மாறிவிட்டது. பேரம் பேசத் தெரிந்த யாரையாவது கூட்டிப்போங்கள்.

லாஜ்பத்_ஓரம்
திங்கள், இரவு 9:00

யாரும் சொல்லாத ஒரு இடம். லாஜ்பத் நகரில் ஜப்பான் ஃபவுண்டேஷன் இருக்கிறது, அங்கே நூலகம் உண்டு, மங்கா தொகுதிகளும் உண்டு. திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் பார்த்துக்கொண்டு போங்கள். போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பதை விட அச்சுப் பக்கத்தை ஒரு முழ தூரத்தில் வைத்துப் பார்க்கும்போது எந்தக் கோடு தடி, எந்தக் கோடு மெல்லிசு, எங்கே எதுவுமே வரையாமல் வெள்ளையாக விட்டார்கள் என்று தெரியும். வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். பாத்திரங்கள் ஏன் பெரும்பாலும் இடப்பக்கம் பார்த்து ஓடுகிறார்கள் என்பதும் அப்போது விளங்கும்.

அச்சில் பார்க்கும் அளவில் அவர்கள் வரைவதில்லை என்பதையும் மனதில் வையுங்கள். தொழில்முறை மங்கா மூலப்பிரதி ஜப்பானிய பி4 தாளில், அதாவது 257 × 364 மி.மீ. அளவில் வரையப்பட்டு, வாரப் பத்திரிகைக்கு பி5 அளவிலும் தொகுப்பு நூலுக்கு அதைவிடச் சிறிதாகவும் சுருக்கப்படும். சுருக்கும்போது நடுக்கமும் சுருங்கிப் போகும். தொகுப்பு நூலில் இருக்கும் கட்டை விரல் நகமளவு முகத்தை அதே அளவில் வரையப் பார்த்து "எனக்கு வரவில்லை" என்று நொந்துகொள்வது தேவையில்லாத வேலை. ஏ4-இல் ஒரே ஒரு தலை வரையுங்கள், பெரிதாக.

மயூர்விஹார்_பென்சில்
செவ்வாய், இரவு 10:15

ரீம் வாங்கியாச்சு. நூலகத்துக்குச் சனிக்கிழமை போகப் பார்க்கிறேன். ஒரு சந்தேகம்: மேலே தாள் வைத்து ட்ரேஸ் செய்வது தப்பா? அலுவலகத்தில் ஒரு பையன் அது திருட்டு என்கிறான்.

முனிர்கா_மை
செவ்வாய், இரவு 11:00

வீட்டில் பயிற்சிக்கு எதையும் ட்ரேஸ் செய்யுங்கள். அதை "என் படம்" என்று போட்டால்தான் திருட்டு.

ஆனால் வெளிக்கோட்டை ட்ரேஸ் செய்வதால் கைக்குச் சந்தோஷம், மூளைக்கு ஒன்றும் இல்லை. படத்தின் மேல் தாளை வைத்து உள்ளே இருக்கும் உருண்டை, நடுக்கோடு, தோள் சாய்வு, இடுப்புச் சாய்வு ஆகியவற்றைத் தேடி வரையுங்கள். பிறகு அந்த எலும்புக்கூட்டை மட்டும் வைத்துக்கொண்டு மூலப்படத்தைப் பார்க்காமல் பாத்திரத்தைக் கட்டுங்கள். பார்த்து வரைவதற்கும் இதே மாதிரி ஒரு பரீட்சை உண்டு. ஒரு முகத்தை நன்றாகப் பார்த்து வரைந்தபின் புத்தகத்தை மூடிவிட்டு, அதே பாத்திரம் மேலே அண்ணாந்து பார்ப்பதாக வரையுங்கள். வந்தால் கற்றுக்கொண்டீர்கள். வராவிட்டால் எந்த இடம் வரவில்லையோ அதுதான் நாளைய பாடம்.

ஒரே ஓவியரை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள். மூன்று பேரின் கண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வரைந்தால், கண்ணில் எது பொது, எது அந்தந்த ஆளின் குசும்பு என்று பிரிந்து வரும்.

துவாரகா_கறுப்பு
புதன், மாலை 7:30

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், ரொம்ப நாளாக இருக்கும் கேள்வி. என் கதை மதுரைப் பக்கம் நடக்கிறது. ஆனால் மங்கா பாணியில் வரைந்ததும் எல்லோரும் வெள்ளையாக, யாரோ வெளியூர்க்காரர்கள் மாதிரி ஆகிவிடுகிறார்கள். என் பாட்டியை வரைந்தால் பாட்டியாக இருக்க வேண்டும். கறுப்பு வெள்ளையில் மாநிறம், கறுப்பு நிறத்தை எப்படிக் காட்டுவது?

முனிர்கா_மை
புதன், இரவு 9:20

அருமையான கேள்வி. இதற்குத் தனி இழையே போடலாம்.

தாள் வெள்ளை என்பதால் எதுவும் போடாத முகம் வெள்ளையாகத் தெரிகிறது, அவ்வளவுதான். ஜப்பானில் தோலுக்கு ஸ்கிரீன்டோன் ஒட்டுவார்கள்: புள்ளிகள் அச்சிட்ட மெல்லிய ஒட்டுத்தாள், வேண்டிய இடத்தில் வெட்டி ஒட்டி, வெளிச்சம் படும் இடத்தைக் கத்தியால் சுரண்டி எடுப்பது. இப்போது பெரும்பாலும் கணினியில்தான். நமக்கு அது கைக்கு எட்டாவிட்டால் ஒரே திசையில் ஓடும் மெல்லிய இணைகோடுகள் போதும். முகம் முழுக்க ஒரே சீராகப் போடுங்கள், நெற்றி, மூக்குத் தண்டு, கன்ன மேடு மூன்றில் மட்டும் விட்டுவிடுங்கள். கண்ணின் வெள்ளையும் பல்லும் அப்போது பளிச்சென்று வரும். அந்தப் பளிச்சுதான் முகத்துக்கு உயிர். கவனிக்க வேண்டியது முடி. தோலும் முடியும் ஒன்றோடொன்று கலந்துவிடாமல், முடியைக் கெட்டிக் கறுப்பாக நிரப்பி நடுவே ஒரு வெளிச்சப் பட்டையை விடுங்கள்.

கோடு போடும் அளவுக்கு உருவ அமைப்பும் முக்கியம். மூக்கை ஒரு புள்ளியோடு விடாமல் மூக்குச் சிறகுகளைக் காட்டுங்கள், கீழ் உதட்டின் அடியில் ஒரு சின்ன நிழல் போடுங்கள். பாட்டிக்கு இழுத்துத் தொங்கும் காது மடல், கண்ணோரச் சுருக்கம், முடிந்த கொண்டை. இதெல்லாம் மங்கா பாணிக்கு விரோதம் கிடையாது. தெஸுகாவே புத்தரின் வாழ்க்கையை 1972 முதல் 1983 வரை தொடராக வரைந்தார். நம்மூர் உடை, வெற்று மார்பு, காடு, ஊர் எல்லாம் அவர் கோட்டுக்குள் வந்தன.

ஆர்கேபுரம்_ஓவியர்
புதன், இரவு 10:05

புடவையைப் பற்றி நான். மடிப்பை அழகுக்காக வரையாதீர்கள். துணி எங்கே பிடித்திருக்கிறதோ அங்கிருந்துதான் மடிப்பு கிளம்பும். புடவையில் அது இரண்டே இடம்: இடுப்பில் கொசுவம் செருகிய இடம், தோள். கொசுவத்திலிருந்து கோடுகள் நேராகக் கீழே இறங்கும். தோளிலிருந்து மார்புக்குக் குறுக்கே இடுப்புக்கு இழுபடும். நடக்கும்போது முன் வைத்த முட்டியில் துணி இறுகும், அங்கே மூன்றாவது பிடி. பருத்தி என்றால் மடிப்பு கோணலாக உடையும், பட்டு என்றால் விறைப்பாக நிற்கும், நைலக்ஸ் வழியும். மணியம் கல்கியில் வரைந்த பெண்களைத் தேடிப் பாருங்கள். இந்தப் பாடம் மொத்தமும் அங்கே இருக்கிறது. அவர்கள் கண்ணும் ஒன்றும் சின்னது கிடையாது, தெஸுகாவோடு போட்டி போடும்.

வேட்டியை மடித்துக் கட்டியிருந்தால் முடிச்சு ஒன்றுதான் பிடி. அது சுலபம்.

ஜனக்புரி_அப்பா
வியாழன், காலை 8:00

எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள் நாள் முழுக்க இந்த மங்காதான். பென் டேப்லெட் கேட்கிறாள். திரை உள்ளதா, இல்லாததா? நேரு பிளேஸில் விசாரித்தால் கடைக்காரர் 8192 அழுத்த நிலை என்று ஏதோ சொல்கிறார். அது எவ்வளவு முக்கியம்?

முனிர்கா_மை
வியாழன், காலை 8:45

பேனாவை அழுத்துவதை டேப்லெட் எத்தனை படியாகப் பிரித்து அறியும் என்பதுதான் அது. அந்த எண்ணைப் பார்த்துக் காசு கொடுக்காதீர்கள் ஜி, நீங்களும் நானும் வித்தியாசம் கண்டுபிடிக்க மாட்டோம். திரை இல்லாத, நடுத்தர அளவுள்ள ஒன்று ஆரம்பத்துக்குத் தாராளம். கை ஒரு இடத்தில், கண் ஒரு இடத்தில் என்பது முதலில் வினோதமாக இருக்கும், பிள்ளைகள் சீக்கிரம் பழகிவிடுவார்கள். ரொம்பச் சின்ன அளவு மட்டும் வேண்டாம், மணிக்கட்டிலேயே வரைய வைத்துவிடும். கணினியில் க்ரிட்டா இலவசம், நல்ல மென்பொருள். போனில் ஐபிஸ் பெயிண்ட் இலவசப் பதிப்பு இருக்கிறது, விளம்பரம் வரும். தொழில்முறைக்காரர்கள் நிறையப் பேர் கிளிப் ஸ்டூடியோ பெயிண்ட் வைத்திருக்கிறார்கள், அது காசு; இப்போது தேவையில்லை.

இரண்டு விஷயம் மகளிடம் சொல்லுங்கள். கோட்டை நேராக்கித் தரும் ஸ்டெபிலைசரை முழுசாக ஏற்றி வைக்கக் கூடாது, கை சோம்பேறியாகிவிடும். ஒரே கோட்டை அழித்து அழித்துப் போடும் பழக்கமும் அங்கேதான் ஒட்டிக்கொள்ளும். வாரத்தில் சில நாளாவது பேனாவில், அழிக்க முடியாத மாதிரி வரையட்டும்.

மயூர்விஹார்_பென்சில்
சனி, இரவு 9:30

நூலகம் போய்வந்தேன். லாஜ்பத் அண்ணாவுக்கு நன்றி. அச்சில் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது: பல கட்டங்களில் தூரத்து ஆட்களுக்கு முகமே இல்லை, ஆனாலும் யார் என்று முடியையும் தோளையும் வைத்துத் தெரிகிறது. என் பாத்திரங்களின் வெளி உருவத்தை முழுக்கக் கறுப்பாக நிரப்பிப் பார்த்தேன், மூன்று பேரும் ஒரே ஆள்.

ஒரு கையும் வரைந்தேன். விரல்கள் ஐந்தும் ஒரே இடத்திலிருந்து கிளம்புகின்றன, பார்க்கச் சகிக்கவில்லை.

ஆர்கேபுரம்_ஓவியர்
சனி, இரவு 10:00

அந்தக் கறுப்புச் சோதனையை விடாதீர்கள். ஒருவனைக் குண்டாக்குங்கள், ஒருத்திக்குப் பின்னலை முட்டி வரை விடுங்கள், ஒருவனுக்குக் கூன் போடுங்கள். முகத்துக்கு முன்னால் உருவம் பேச வேண்டும்.

கைக்கு: விரலில் ஆரம்பிக்காதீர்கள். உள்ளங்கை ஒரு சதுரத் தட்டு. நடு விரல் ஏறக்குறைய உள்ளங்கையின் நீளம். நாலு விரலையும் முதலில் ஒரே கட்டியாக, கையுறை போட்ட கையாக, கொஞ்சம் மடங்கியபடி வையுங்கள். அவை கிளம்பும் இடம் நேர்கோடு அல்ல, நடு விரல் உச்சியில் இருக்கும் ஒரு வளைவு. கட்டை விரல் அந்த வரிசையிலேயே கிடையாது. மணிக்கட்டு பக்கத்து மேட்டிலிருந்து தனியாக, வேறு திசையைப் பார்த்து வரும். கட்டியைப் பிரிப்பது கடைசி வேலை. சுண்டு விரல் கொஞ்சம் விலகி, நடு இரண்டும் சேர்ந்தே இருந்தால் கை இயல்பாகத் தெரியும். மாடல் தேடி அலைய வேண்டாம், உங்கள் இடது கை சும்மாதானே இருக்கிறது.

ஜனக்புரி_அப்பா
ஞாயிறு, காலை 11:20

இழை முழுவதையும் மகள் உட்கார்ந்து படித்தாள். மியூசியத்துக்குக் கூட்டிப்போகச் சொல்கிறாள், அடுத்த வாரம் போகிறோம். ஓவியர் ஐயாவிடம் ஒன்று கேட்கச் சொன்னாள்: உங்களுக்குக் குதிரை வரையத் தெரியுமா?

ஆர்கேபுரம்_ஓவியர்
ஞாயிறு, காலை 11:45

தெரியும். பின்னங்கால் எந்தப் பக்கம் மடங்கும் என்று முதலில் அவளையே ஊகித்து வரையச் சொல்லுங்கள். வரைந்ததைப் படம் எடுத்துப் புதுத் திரியில் போடட்டும், அங்கே பேசிக்கொள்ளலாம்.